மெழுகுக்குள் இருந்த சாட்சி

அத்தியாயம் 7

கேட்காத கேள்விக்கு ஸ்ரீரங்கன் பதில் சொன்னார்.

"எங்க ரிப்போர்ட்ல தப்பு வர வாய்ப்பே இல்ல, மேடம்."

சத்யபிரியா இன்னும் உட்காரக்கூட இல்லை. தப்பு என்ற வார்த்தையை அவள் உச்சரிக்கவும் இல்லை. 'தனியார் துப்பறியும் நிபுணர்' என்று அச்சிட்ட கார்டை மேசைமேல் வைத்தாள். அவ்வளவுதான்.

கிழக்குத் தாம்பரத்தில் ஸ்ரீரங்கனின் லேப் மாடியில் இருந்தது. கீழே மருந்துக்கடை. கடை ஸ்ரீரங்கனின் மச்சானுடையது. படியேறுவதற்குள் இதை விசாரித்து முடித்திருந்தான் அவளுடைய உதவியாளன் ஜெபின்.

"மேல வியாதி, கீழ மாத்திரை," என்று அவள் காதருகே சொன்னான். "குடும்பத்துக்குள்ளயே முடிச்சிக்கிறாங்கக்கா."

"வாயை மூடிக்கிட்டு உட்காரு."

"உக்காந்துகினு மூடறேன்."

அன்று காலை அவர்களைத் தேடி வந்தவர் உமர். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோடு மேல் கார் சீட் கவர் கடை வைத்திருப்பவர். அவருடைய தங்கை ஃபாயிசா செம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வலது தோளில் ஒரு கட்டி. பக்கத்து நர்சிங் ஹோமில் எடுத்தார்கள். எடுத்ததை ஸ்ரீரங்கனின் லேபுக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று பதில் வந்தது. அதிலும் அரிதான வகை. இரண்டு ஜீன்கள் உடைந்து தப்பாக ஒட்டிக்கொண்டதால் வருவது. அந்த இணைப்பு இருக்கிறது என்று ரிப்போர்ட் சொன்னது. இருந்தால் ஒரு மாத்திரை வேலை செய்யும். மாத்திரை கீழே இருந்த கடையில் கிடைக்கும்.

உமருக்குச் சந்தேகம் வந்தது. எவருக்கும் வரும். லேபில் கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சோதிக்கலாம். அந்த மெழுகுத் துண்டைப் பிளாக் என்பார்கள். உமர் அதைக் கேட்டு வாங்கினார். சட்டைப் பையில் வைத்து எடுத்துப்போய் நகரத்தில் வேறொரு லேபில் தன் கையாலேயே கொடுத்தார். இணைப்பு இல்லை, வெறும் கொழுப்பு என்று அவர்கள் எழுதிவிட்டார்கள்.

திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் ஃபாயிசாவுக்கு ஆபரேஷன். கட்டி இருந்த இடத்தைச் சுற்றி அகலமாக வெட்டியெடுத்துத் தொடைத் தோலை ஒட்டுவார்கள். கை பழையபடி மேலே தூக்க வருமா என்பதற்கு அங்கிருந்த டாக்டர் உறுதி தரவில்லை. முதல் ரிப்போர்ட் உண்மையானால் முதலில் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றார். எது சரி என்று தெரியாவிட்டால், புற்று என்றே வைத்துக்கொண்டு கத்திதான். அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ்.

"எது பொய்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம்," என்றார் உமர். அன்று சனிக்கிழமை.

சத்யபிரியா இரண்டு ரிப்போர்ட்டுகளையும் ஸ்ரீரங்கன் முன்னால் வைத்தாள். இரண்டிலும் நோயாளியின் பெயர் அக்தர் பேகம்.

"அது பொண்ணோட அம்மா பேரு," என்றார் அவர். "கல்யாணம் ஆகாத பொண்ணுன்னா அம்மா பேர்லயோ அண்ணி பேர்லயோதான் குடுப்பாங்க. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சிடக் கூடாதில்ல. எங்களுக்கு இது பழக்கம்தான்."

"இந்த ஜீன் இணைப்புன்னா என்ன? எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க."

அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. தெரிந்த விஷயம். "உடம்புல எல்லா செல்லுலயும் ஆயிரக்கணக்குல ஜீன் இருக்கு. தோலுக்கு நார் தயாரிக்கிறது ஒண்ணு. தோல்ல அது ஓயாம வேலை செய்யும். 'வளரு'ன்னு உத்தரவு போடறது இன்னொண்ணு. தேவைப்பட்டாத்தான் அது வாயைத் திறக்கும். ரெண்டும் வேற வேற இடத்துல இருக்கு. எப்பவோ, ஏதோ ஒரு செல்லுல, ரெண்டும் உடைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது."

"தண்ணி மோட்டரை தெருவிளக்கு லைன்ல கொக்கி போட்ட மாதிரியா சார்?" என்றான் ஜெபின். "வெளக்கு எரியற வரிக்கும் மோட்டர் ஓடும். டேங்க் ரொம்பினாலும் நிக்காது."

ஸ்ரீரங்கன் அவனை முதல்முறையாகப் பார்த்தார். "அதேதான். தெரு முழுக்கத் தண்ணி. அந்த மாத்திரை மோட்டரை நிறுத்தும். கொக்கி இல்லாத வீட்டுல அதுக்கு வேலையே இல்ல."

"எங்க வூட்டு ஓனரு அப்டித்தான் ஓட்டிகினு கீறாரு. அதான் தெரியும்."

சத்யபிரியா குறுக்கிட்டாள். "கட்டியில ஒரு பக்கம் இணைப்பு இருந்து, இன்னொரு பக்கம் இல்லாம இருக்குமா?"

"இருக்காது. கட்டி ஆரம்பிக்கிறதே அதுலதான். எல்லா செல்லுலயும் இருக்கும்."

"அந்த பிளாக் இப்ப எங்க?"

"பம்பாய்ல. இந்த டெஸ்ட் இங்க வசதி இல்ல. அங்க அனுப்பினேன். ரிப்போர்ட் மெயில்ல வந்துடுச்சு. பிளாக் கூரியர்ல திரும்பி வரணும்."

"இன்னும் வரல."

"இன்னும் வரல."

"அப்ப உமர் கையில நீங்க குடுத்தது எது?"

கீழே கடையில் யாரோ சில்லறை கேட்டுச் சத்தம் போட்டார்கள். ஸ்ரீரங்கன் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். திரும்ப மாட்டினார்.

"ஏசியக் கொஞ்சம் கூட்டி வெச்சிக்கங்க சார்," என்றான் ஜெபின். "எங்களுக்குக் குளிருது. உங்களுக்குத்தான் வேர்க்குது."

"ரெண்டு பாட்டில் வந்தது," என்றார் ஸ்ரீரங்கன். குரல் இறங்கியிருந்தது. "நர்சிங் ஹோம்ல இருந்து. ரெண்டுலயும் அக்தர் பேகம்னு ஒரே பேரு. ஒரே கட்டியை ரெண்டாக் கொண்டாந்திருக்காங்கன்னு நெனச்சேன். ரெண்டு பிளாக் போட்டோம். முதல் பிளாக் பம்பாய் போச்சு. உமர் வந்து கேட்டப்போ கையில இருந்த ரெண்டாவதைக் குடுத்தோம். எல்லாம் ஒண்ணுதானேன்னு."

"எப்ப சந்தேகம் வந்துச்சு?"

"அவர் அந்த ரிப்போர்ட்டைக் கொண்டாந்து மூஞ்சியில அடிச்சப்போ."

"அப்பவும் சொல்லல."

"எப்படி மேடம் சொல்றது? மச்சான் கடை கீழ. நான் தப்புன்னு ஒத்துக்கிட்டா, எல்லா ரிப்போர்ட்டும் பொய்னு ஆயிடும்."

அவள் இரண்டு பிளாக்குகளின் சீவல்களையும் கேட்டாள். கண்ணாடித் துண்டுகளில் ஒட்டி வைத்திருந்தார். ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். முதலாவது அடர்ந்த ஊதா நிறம். ஓரமெல்லாம் பிய்ந்து, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இரண்டாவது வெளிறிய வலை. அதைச் சுற்றி மெல்லிய கோடு. கோடு எங்கும் அறுபடாமல் ஒரு சுற்று வந்து சேர்ந்திருந்தது.

"இது என்ன?"

"கட்டியைச் சுத்தி இருந்த கொழுப்புன்னு நெனச்சேன்."

"சுத்தி இருந்ததைப் பிய்ச்சு எடுத்தா ஓரம் பிஞ்சிருக்கணும். இது உரிச்ச நுங்கு மாதிரி முழுசா வந்திருக்கு. தனக்குன்னு ஒரு உறையோட."

ஸ்ரீரங்கன் தலையாட்டினார். "கொழுப்புக் கட்டி. ஆபத்தில்லாதது. எடுத்தா அதோட முடிஞ்சது."

"அப்ப இது துண்டு இல்ல. தனிக் கட்டி."

"ஆமா."

எழுந்து படிக்கட்டு வரை வந்தவளை அவர் நிறுத்தினார். "இன்னொண்ணு. அந்த முதல் கட்டி ஒரு பழைய தழும்புக்குள்ள இருந்து வளர்ந்திருக்கு. மேல் தோல்ல முடி வேர் இல்ல, வேர்வைச் சுரப்பி இல்ல. பல வருஷத் தழும்பு. இந்த வகைக் கட்டி சில சமயம் அப்படி வரும். பொண்ணு சின்ன வயசுல எங்கயாவது விழுந்திருப்பான்னு விட்டுட்டேன்."

வேளச்சேரி சாலையில் வெயில் ஸ்கூட்டியின் சீட்டைக் கொதிக்க வைத்திருந்தது. ஜெபின் ஓட்டினான். சத்யபிரியா பின்னால் இருந்து உமருக்குப் போன் போட்டாள். வீட்டுக்கு வரச் சொன்னாள். மே மாத லீவு, ஊருக்குப் போகும் ஜனம் மொத்தமும் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது, வண்டியை ரோட்டில் இறக்கவே முடியவில்லை என்றார் அவர்.

"ரெண்டு கட்டி, ஒரே பேரு," என்றான் ஜெபின். "ஒண்ணு பாயோட தங்கச்சிது. இன்னொண்ணு யாருது? நர்சிங் ஹோம்ல மாத்திட்டாங்களா?"

"கட்டியை எடுத்த டாக்டர் பக்தவச்சலத்தைக் கேட்டாத் தெரியும். அவர் அமெரிக்காவுல பொண்ணு வீட்டுல இருக்காராம். போன் எடுக்கல."

"நல்ல நேரத்துல பிளேன் ஏறிகிறாரு. எனக்கு அவர் மேலயும் டவுட்டு."

"உனக்கு யார் மேலதான் இல்ல?"

"உன் மேல இல்லக்கா. உன்கிட்ட சம்பளம் வாங்கறேன்ல."

வேறு யாரோ ஒருத்தியின் கட்டியாக இருந்தால் அவள் பெயர் பாட்டிலில் இருக்கும். அக்தர் பேகம் என்ற பெயரை இன்னொருத்தி ஏன் இரவல் வாங்க வேண்டும்? சத்யபிரியா இதை வெளியே சொல்லவில்லை. மறைக்கிறவர் யாராக இருந்தாலும் அந்த வீட்டுக்குள் இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

செம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த வீடு. கதவைத் திறந்தவள் ஃபாயிசா. வலது தோளில் துப்பட்டாவுக்கு அடியில் பிளாஸ்திரி தெரிந்தது. அம்மா அக்தர் பேகம் பின்னாலேயே வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். முழங்கை வரை மூடிய ஜாக்கெட், தலையில் சேலை முக்காடு.

"வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க. லேப்காரன் ஒத்துக்கிட்டானா?"

"எதை?"

"பொய் ரிப்போர்ட்டுன்னு."

"அது பொய்யின்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அக்தர் பேகம் ஃபேனைப் போடப் போனார்.

சத்யபிரியா ஃபாயிசாவிடம் கேட்டாள். "உங்களுக்கு எத்தனை கட்டி எடுத்தாங்க?"

"ஒண்ணுதான்," என்றார் அக்தர் பேகம்.

"நான் அவங்களைக் கேட்டேன்."

"ஒண்ணுதான் மேடம்," என்றாள் ஃபாயிசா. "ஆறு மாசத்துல நெல்லிக்காய் அளவுக்கு வந்துச்சு. எடுத்தப்போ நான் மயக்கத்துல இருந்தேன். முழிச்சப்போ அம்மாதான் பக்கத்துல இருந்தாங்க." அவள் தயங்கினாள். "மேடம், திங்கட்கிழமைக்கு அப்புறம் போர்டுல எழுதக் கை எட்டுமா? யாரும் சரியா சொல்ல மாட்டேங்கறாங்க."

"கட்டி வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல அடி பட்டிருக்கா? பழைய தழும்பு ஏதாவது?"

"இல்லயே. சைக்கிள்லகூட நான் விழுந்ததில்ல. என் உடம்புலயே தழும்புன்னா இது ஒண்ணுதான்." இடது சட்டைக் கையை மேலே சுருட்டினாள். புஜத்தில் மிளகு அளவுக்கு ஒரு குழி. பிறந்ததும் போடும் ஊசி.

ஜெபின் எட்டிப் பார்த்தான். "எனக்கும் அதே சைஸுதான். எங்கம்மாவுக்குப் பாக்கணுமே. ரெண்டு கீது, ஒவ்வொண்ணும் பழைய எட்டணா மாதிரி. அந்தக் காலத்துல அம்மை குத்தறவங்க கஞ்சத்தனமே பண்ணல."

ஃபேன் காற்றில் அக்தர் பேகத்தின் முக்காடு நழுவியது. வலது கையால் இழுத்தார். நழுவியது. மறுபடியும் வலது கையாலேயே இழுத்தார். முக்காட்டை ஒரு கையால் போடுகிற பெண்ணை சத்யபிரியா பார்த்ததில்லை.

"ஜெபின், வெளிய போய் உமர் வர்றாரான்னு பாரு."

"இன்னாக்கா, நான் எதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"இல்ல. சரியா சொல்லிட்ட. போ."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். சத்யபிரியா ஃபாயிசாவிடம் தண்ணீர் கேட்டாள். அவள் உள்ளே போனதும் அக்தர் பேகத்தின் அருகில் போய் நின்றாள்.

"இடது கையை மேல தூக்குங்கம்மா."

"எதுக்கு?"

"தூக்குங்க."

தூக்கவில்லை. ஃபாயிசா போன கதவைப் பார்த்தார். பிறகு ஜாக்கெட்டின் கையைத் தோள் வரை ஏற்றினார். புஜத்தில் வட்டமாக ஒரு பெரிய தழும்பு. அம்மை குத்தியது. அந்த வயதுக்காரர்களுக்கு அது ஜோடியாக இருக்கும். இங்கே ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று இருக்க வேண்டிய இடத்தில் தையல் போட்ட கோடு. இன்னும் சிவப்பு ஆறவில்லை.

"அதே நாள்ல எடுத்துக்கிட்டீங்க."

"அவளைக் கூட்டிட்டுப் போனேன். அவ அங்க படுத்திருக்கறதைப் பாத்தா யாராவது மாப்பிள்ளை வீட்டுல சொல்லிடுவாங்கன்னு, எனக்குத்தான் கட்டின்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். டாக்டர் சிரிச்சாரு. நெசமாவே உங்களுக்கு ஏதாவது இருக்கான்னு கேட்டாரு. இருந்துச்சு. எத்தனையோ வருஷமா இந்தத் தழும்பு மேல ஒரு தடிப்பு. வலிக்காது. சரி, அதையும் எடுத்துடுங்கன்னேன். ரெண்டையும் என் பேர்லயே போடச் சொன்னேன்." முக்காட்டைப் பிடித்துக்கொண்டார். "பசங்களுக்கு எதுக்குச் சொல்லணும்? ஒண்ணும் இல்லாத விஷயம்."

"ரிப்போர்ட் வந்ததும் அது ஃபாயிசாவோடதுன்னு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? அவளோடதுதானே மளமளன்னு வளர்ந்தது? என்னோடது பாட்டுக்கு இருந்துச்சு."

நேராகச் சொல்வதைத் தவிர சத்யபிரியாவுக்கு வேறு வழி தெரியாது.

"புற்று இருக்கற கட்டி பழைய தழும்புல வளர்ந்ததும்மா. உங்க பொண்ணுக்கு அங்க தழும்பே கிடையாது."

ஏரிப் பக்கமிருந்து மாட்டு வண்டியோ டிராக்டரோ போகும் சத்தம் வந்தது. அக்தர் பேகம் அதைக் கேட்பவர் போல இருந்தார்.

"அப்ப இவளுக்கு?"

"வெறும் கொழுப்புக் கட்டி. எடுத்தாச்சு. உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் அந்த மெழுகோட ஒப்பிட்டு டாக்டர் உறுதி பண்ணணும். ஆனா நீங்க உடனே…"

மீதியை அவர் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. தோள் குலுங்கியது. கெட்ட செய்தியைப் பலருக்குச் சொல்லியிருக்கிறாள் சத்யபிரியா. இப்படி யாரும் வாங்கிக்கொண்டதில்லை.

"அல்லாஹ்," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வியாபாரம் பேசும் குரலில், "உமர்கிட்ட முதல் ரிப்போர்ட் பொய்னு சொல்லிடுங்க."

"என்னது?"

"அவன் எது பொய்னுதானே கேட்டான்? லேப்காரன் பொய்னு சொல்லுங்க. ஆபரேஷன் நிக்கும். கல்யாணம் நடக்கும். எனக்கு இருக்கறது எத்தனையோ வருஷம் இருந்துச்சு, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். இப்ப இதைப் பேசினா, அம்மாவுக்கு அந்த வியாதி, பொண்ணுக்கும் வரும்பாங்க. சம்பந்தம் நிக்காது."

"இது பரம்பரையா வர்றது இல்லம்மா."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவங்க வீட்டுல யாருக்குத் தெரியும்?"

"என்னால முடியாது. ரெண்டு ரிப்போர்ட்டுமே நெசம்."

"ஒரு பொம்பளையா யோசிங்க. உங்க கையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

பிடித்தார். வலது கையால். சத்யபிரியா கையை விடுவிக்கவில்லை.

சமையலறை வாசலில் ஃபாயிசா நின்றிருந்தாள். டம்ளர் தண்ணீர் பாதி அவள் காலடியில் கொட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"ஃபாயி, நீ உள்ள போ."

அவள் உள்ளே போகவில்லை. டம்ளரை டி.வி. மேல் வைத்தாள். அம்மாவின் முன்னால் வந்து அந்தக் கையைப் பார்த்தாள். தையல் கோட்டின் பக்கத்தில் விரலை வைத்தாள். அக்தர் பேகம் ஜாக்கெட்டை அவசரமாக இறக்கினார்.

"வலிக்குதா?"

"இல்லடி. ஒண்ணும் இல்ல. உனக்கு ஒண்ணும் இல்லயாம், கேட்டியா? போர்டுல எழுதலாம். இந்தம்மா சொல்றாங்க."

"கேட்டேன்."

ஃபாயிசா தன் நோக்கியாவை எடுத்தாள். எண்ணைத் தேடினாள். தப்பாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினாள்.

"யாருக்குடி பண்ற? மாப்பிள்ளை வீட்டுக்கா? ஃபாயி, குடு இங்க. கல்யாணம் முடியட்டும், அப்புறம் நானே போய்க் காட்டிக்கறேன். சத்தியமா."

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். அவள் குரல் வகுப்பில் பாடம் நடத்தும் குரலாக வந்தது.

"சார், ஃபாயிசா பேசறேன். திங்கட்கிழமை டேட்டை யாருக்கும் குடுத்துடாதீங்க. நாங்க வர்றோம். பேஷண்ட் நான் இல்ல சார், எங்கம்மா. வெட்டறதா மாத்திரையான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க." அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "இல்ல சார், தள்ளிப் போட வேணாம். கல்யாணத்தை நாங்க தள்ளி வெச்சுக்கறோம்."